பின் சக்கரம் உபயம்

எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் வேகமாக முன்னேறுகிறான் என்று தெரிந்தால், முதல் வேலையாக அவனைப் பிடித்து மேடையில் உட்கார வைத்துவிடுவோம். அதற்குப் பாராட்டு விழா என்று பெயர். உட்கார்ந்தவன் எழுந்திருப்பதற்குள் அரை நாள் போய்விடும், மாலை போட்ட கழுத்து அரிக்கும், எதற்காக முன்னேறிக்கொண்டிருந்தோம் என்பதே அவனுக்கு மறந்துவிடும். இதைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்த விழாக்களில் பிழைப்பவன் நான். பெயர் சமுத்திரம், ராஜபாளையத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் ஊரில் யார் முகம் பெரிதாக வேண்டுமென்றாலும் அது என் மிஷினுக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும்.

ஹெப்சிபாவுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா ஜோயல், சுப்புராஜ் முதலாளியின் நூல் மில்லில் பிட்டர். மலேசியாவில் நடக்கும் சர்வதேச டிராக் சைக்கிள் சாம்பியன்ஷிப்புக்கு இந்திய அணியில் அவள் பெயர் வந்தது. வெளியூரில் பயிற்சி முகாமில் இருந்தவள், கிளம்புவதற்கு முன் பத்து நாள் லீவு வாங்கிக்கொண்டு, அம்மா கைச் சாப்பாடு சாப்பிடலாம் என்று வீட்டுக்கு வந்தாள். வந்ததுதான் அவள் செய்த தப்பு.

பிளெக்சுக்குப் போட்டோ எடுக்க என் கடைக்குக் கூட்டி வந்தார்கள். அப்போது அந்தப் போட்டி என்ன என்று அவளே எனக்கு விளக்கினாள். மரப்பலகை போட்ட வட்டப் பாதை, வளைவில் சுவர் மாதிரி சாய்ந்து நிற்கும். அதில் ஓட்டுகிற சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும். கால் ஓய்ந்துவிட்டது என்று மிதிப்பதை நிறுத்த முடியாது. மேலே ஏறி இரண்டு மூன்று சுற்று சுற்றி வேகம் பிடிக்க வேண்டும். கடைசி இருநூறு மீட்டருக்கு மட்டும்தான் நேரம் எடுப்பார்கள். முதல் பதினாறு பேர் அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

"எம்புட்டு நேரத்துல ஓட்டுவ தாயி?" என்று கேட்டேன்.

"பதினோரு செகண்டு, கொஞ்சம் சொச்சம் இருக்கும் அண்ணாச்சி. அந்தச் சொச்சத்தக் கொறைக்கத்தான் அஞ்சு வருசமா மிதிச்சிட்டுக் கெடக்கேன்."

"வேகம்?"

"அறுபத்தஞ்சு வரும்."

என் மொபெட் பிறந்ததிலிருந்து அந்த வேகத்தைப் பார்த்ததில்லை. அதை ஒரு பிள்ளை காலால் மிதித்துக் கொண்டுவருகிறாள் என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

அவள் எந்த ஊர்க்காரி என்பதில் முதல் சண்டை ஆரம்பித்தது. வீடு வன்னியம்பட்டி விலக்கில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில். அப்பா வேலை பார்ப்பது ராஜபாளையத்தில், அதனால் எங்கள் பெண் என்றோம் நாங்கள். அவள் படித்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், அதனால் எங்கள் பெண் என்றார்கள் அவர்கள். நான் இரண்டு ஊருக்கும் பிளெக்ஸ் அடித்தேன். ஒரே போட்டோதான். எங்கள் ஊர் பிளெக்சில் இடது பக்கம் பார்ப்பாள், அவர்கள் பிளெக்சில் வலது பக்கம் திருப்பிவிட்டேன். இரண்டிலும் அவள் படம் தாம்பாளம் அளவு, வாழ்த்துகிறவர்கள் படம் ஆளுயரம்.

பத்து நாளில் பதினான்கு விழா. விடியற்காலையில் பிளவக்கல் அணை வரை ஓட்டிப் பழக வேண்டும் என்று சொன்னவளை, மாலை வாடுவதற்குள் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி விடியற்காலையிலேயே பிடித்துக்கொண்டார்கள். சைக்கிள் ஓட்டுகிற பெண்ணைத் திறந்த ஜீப்பில் ஏற்றி ஊர் ஊராகச் சுற்றினார்கள். ஒரு வாரத்தில் அவள் சைக்கிளில் போன தூரத்தைவிட ஜீப்பில் நின்றுகொண்டு போன தூரம் அதிகம். அவளும் சிரித்துக்கொண்டே நின்றாள். இல்லையென்றால் பிள்ளைக்குத் தலைக்கனம் என்று அடுத்த நாளே பேசியிருப்போம்.

இப்போது சக்கரத்துக்கு வருகிறேன். முகாமில் அவளுக்குக் கொடுத்திருந்த சைக்கிளில் சாதாரணக் கம்பிச் சக்கரங்கள்தான் இருந்தன. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு, பின்னால் கம்பியே இல்லாத தட்டு மாதிரி ஒரு சக்கரம் போட வேண்டுமாம். டிஸ்க் வீல் என்றார்கள். கார்பனில் செய்தது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அவள் பெயர் பட்டியலில் வந்த அன்றே சுப்புராஜ் முதலாளி, "சக்கரம் என் உபயம்" என்று சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் விழாக்குழுத் தலைவர் வக்கீல் லக்ஷ்மிநரசிம்மன் சும்மா இருப்பாரா? முன் சக்கரம் எங்கள் உபயம் என்றார்.

உள்ளபடி பார்த்தால் பின் சக்கரம்தான் உசத்தி. ஆனால் வக்கீல் மேடையேறி, "முன்னால் போவது எங்கள் ஊர்ச் சக்கரம். மற்றது அதன் பின்னால் வரும்" என்று பேசினார். கூடவே தன் சக்கரத்தில் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் ஸ்டிக்கராக ஒட்டிப் படம் எடுத்து எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார். அந்த ஸ்டிக்கரும் என் கடை வேலைதான். படம் முதலாளியின் போனுக்கு வந்து சேர ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

முதலாளி எதைக் கொடுத்தாலும் பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டி, போல்ட் போட்டு முடுக்கிவிடுவார். அது அவர் அப்பா காலத்திலிருந்து வருகிற பழக்கம். பஸ் ஸ்டாப் பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி, கோவில் மணி, சர்ச் மின்விசிறி எல்லாவற்றிலும் அந்தத் தகடு உண்டு. இறந்தவர்களைக் கிடத்துகிற ஐஸ் பெட்டி ஒன்று ஊருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் தகடு உட்பக்கமாக, படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராக இருக்கும். இப்படிப்பட்டவர் கண்ணில் இவ்வளவு பெரிய வெற்றுத் தட்டு ஒன்று பட்டது. அந்தச் சக்கரம் பெட்டியிலிருந்து வெளியே வந்தபோது நாங்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னோம்: எழுதுவதற்கு எவ்வளவு இடம்.

"ஸ்டிக்கர் போதும் முதலாளி," என்றேன் நான்.

"ஸ்டிக்கர் வெயிலுக்கு உரிஞ்சி போகும்லே. தகடுன்னா என் பேரன் காலம் வரைக்கும் நிக்கும்."

ஹெப்சிபா அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீப்பில் நின்றுகொண்டிருந்தாள். சக்கரம் மில் ஆபீசில் காட்சிக்கு இருந்தது. நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறை குருசாமியிடம் போனேன். அவன் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான்.

"உள்ள என்ன அண்ணாச்சி இருக்கு? சத்தம் ஒரு மாதிரி கேக்கு."

"எல்லாம் பிளாஸ்டிக் மாதிரிதான். போடு," என்றேன்.

எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதுதான் எங்கள் ஊரில் எல்லா வேலைக்கும் முதல் தகுதி. சக்கரம் ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன், குருசாமி டிரில்லை வைத்தான். முதல் ஓட்டையிலேயே அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கருப்புத் தூள் என் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. நாலு ஓட்டை, அந்தப் பக்கம் வரைக்கும். இந்தப் பக்கம் தமிழ்த் தகடு, அந்தப் பக்கம் இங்கிலீஷ் தகடு. மலேசியாக்காரர்களும் படிக்க வேண்டுமே. குருசாமி நட்டை இறுக்கியபோது தகடு லேசாக உள்ளே அமுங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். குருசாமி அடுத்த நட்டை எடுத்தான்.

முதலாளி சக்கரத்தோடு நின்று எடுத்த படம் குரூப்பில் வந்ததும் ஹெப்சிபா எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, சக்கரத்துல என்னமோ தகடு தெரியுதே. ஒட்டுனதுதான?"

முதலாளி எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அடுத்த மாதம் மில்லுக்குப் பொன்விழா. ஊர் முழுக்க வைக்கப்போகிற பிளெக்ஸ் அத்தனையும் என் கடைக்குத்தான் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம்.

"ஒட்டுனதுதான் தாயி," என்றேன்.

"அப்ப எடுத்துருங்க. அதோட அங்க ஓட்ட விடமாட்டாங்க. எடையும் ஒரு பக்கமா இழுக்கும்."

தகட்டைக் கழற்றினோம். ஓட்டையில் எம்-சீல் வைத்து அடைத்துத் தேய்த்தோம். தேய்த்த இடம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அதற்கும் முதலாளியே வழி சொன்னார்.

"தேசியக் கொடிய ஒட்டு. கொடிய எவனும் உரிச்சுப் பாக்க மாட்டான்."

கொடி ஸ்டிக்கரை அளவாக வெட்டி, ஒரு குமிழ்கூட இல்லாமல் இரண்டு பக்கமும் ஒட்டினேன். அவ்வளவு சுத்தமாக நான் ஒரு வேலை செய்ததில்லை. ஹெப்சிபா வந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்கு அண்ணாச்சி" என்றாள். அந்தச் சக்கரத்தை ரோட்டில் மாட்டி ஓட்டக் கூடாதாம், மலேசியா போய்த்தான் மாட்டுவாளாம். உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள். அவள் ரயில் ஏற இன்னும் ஆறு நாள் இருந்தது.

இரண்டாம் நாள் என் வீட்டுக்காரி வேலுத்தாயிடம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஓட்டும்போது அது ஒடைஞ்சா?"

"ஒடையாது."

"எத வச்சுச் சொல்லுதிய?"

எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கும் தெரியவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் தேடிப் பார்த்தேன். அந்த மாதிரிச் சக்கரம் ஓட்டத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு எத்தனையோ வீடியோக்கள் கிடைத்தன. இரண்டுக்கு மேல் பார்க்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நாளை வந்ததும் பொன்விழா நினைவுக்கு வரும். மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள் எல்லாம் இப்படியே கழிந்தன.

ஆறாம் நாள் காலையில் கண்ணீர் அஞ்சலி ஆர்டர் ஒன்று வந்தது. எண்பது வயதுப் பெரியவர். கம்ப்யூட்டரில் கறுப்புக் கட்டம் தயாராக இருந்தது, படம் வைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. பக்கத்திலேயே ஹெப்சிபாவின் படமும் திறந்து கிடந்தது, இடது பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு. கை தவறி இழுத்தால் போதும், கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

ராஜபாளையத்தில் சென்னை ரயில் இரண்டு நிமிஷம்தான் நிற்கும். அதற்குள் இரண்டு ஊரும் மாலை போட்டு முடிக்க வேண்டும். மேளம் வேறு. ஜோயல் பையெல்லாம் ஏற்றிவிட்டுக் கீழே இறங்கியிருந்தான். ஹெப்சிபா கதவருகில், தோளில் சக்கர உறையோடு நின்றாள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் படியில் கால் வைத்தேன்.

"தாயி, அந்தத் தகடு ஒட்டுனது இல்ல. போல்ட் போட்டிருந்தாங்க. கொடிக்கு அடியில நாலு ஓட்டை இருக்கு. அந்தப் பக்கம் வரைக்கும்."

'போட்டிருந்தாங்க' என்றுதான் சொன்னேன். யார் பிடித்துக்கொண்டிருந்தது என்பதையெல்லாம் சொல்ல இரண்டு நிமிஷம் போதாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் உறையைத் திறந்து, கொடியின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். விரல் நாலு இடத்தில் நின்றது. நாலாவது இடத்தில் அழுத்தினாள், அது உள்ளே போனது. அவள் முகம் எப்படி ஆனது என்று என்னால் எழுத முடியாது. ரயில் ஊதியது. உறையோடு சக்கரத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"கம்பிச் சக்கரத்துலயே ஓட்டிக்கிடுதேன்," என்றாள்.

ரயில் போய்விட்டது. மேளக்காரர்களுக்கு விஷயம் தெரியாததால் இன்னும் செத்த நேரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. சமுத்திரத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீலுக்கும் கூட்டு. எங்கள் பின் சக்கரம் போகக் கூடாது, அவர்கள் முன் சக்கரம் மட்டும் போக வேண்டும் என்று திட்டம் போட்டு, கடைசி நேரத்தில் பிள்ளையைப் பயமுறுத்திச் சக்கரத்தைப் பறித்துவிட்டேன். ஓட்டை என்ன பெரிய ஓட்டை, நாலு பொட்டு ஓட்டை, அது இரும்பு மாதிரி நிற்கும் என்று முதலாளி போகிற இடமெல்லாம் சொன்னார். மில்லிலிருந்து இரண்டு பேர் வந்து சக்கரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பொன்விழா ஆர்டர் சிவகாசிக்குப் போனது. வக்கீல் மட்டும் எனக்கு ஒரு பிளெக்ஸ் ஆர்டர் கொடுத்தார், "மலேசியாவில் எங்கள் சக்கரம்" என்று. அதை அடித்துக் கொடுத்ததில் கூட்டு என்பது உறுதியாகிவிட்டது.

ஜோயல் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவான். ஹெப்சிபா அவனிடம் போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். ஆனால் அவன் முதலாளி மில்லில் பிட்டர். அவன் எதையும் பேசக்கூடிய இடத்தில் இல்லை.

போட்டி அன்று முதலாளியின் கல்யாண மண்டபத்தில் பெரிய எல்.ஈ.டி. திரை வைத்து நேரடி ஒளிபரப்பு. எனக்கு அழைப்பு இல்லை, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு வரவேற்புரை ஆரம்பித்தது. எல்லாரும் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுதான் பேசினார்கள். பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று திரையின் சத்தத்தை நிறுத்தியிருந்தார்கள். பதினொன்றே காலுக்கு முதலாளி மைக்கைப் பிடித்து, தன் குடும்பம் கொடுத்த தகடுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டிக்கு அவர் வந்தபோது, அவருக்குப் பின்னால் திரையில் ஹெப்சிபா வந்தாள்.

மேலே சுவரோரமாக மெதுவாகச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் எழுந்து நின்று மிதித்தாள். பிறகு வளைவிலிருந்து அப்படியே கீழே பாய்ந்தாள். என் கண் முழுக்க அந்தப் பின் சக்கரத்தில்தான் இருந்தது, கம்பிகள் சுற்றுவது தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. கோட்டைத் தாண்டினாள். பதினொன்று புள்ளி இரண்டு ஒன்று. முதலாளி அப்போது கோவில் மணியில் இருந்தார்.

பேசி முடித்துத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னுமா நம்ம பிள்ள வரல?" என்றார்.

கடைசியில் பட்டியல் வந்தது. பதினாறாவது ஆள் பதினொன்று புள்ளி ஒன்று எட்டு. ஹெப்சிபா பதினேழாவது. நூறில் மூன்று பங்கு விநாடி. டிஸ்க் வீல் இருந்திருந்தால் அதைவிட அதிகம் மிச்சமாகியிருக்கும் என்று அவளே முன்பு கடையில் சொல்லியிருந்தாள். மண்டபமே திரும்பி வாசலைப் பார்த்தது. ஒருவர் என் காலடியில் காறித் துப்பிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

தோற்று வந்தாலும் விழா உண்டு. அழைப்பிதழில் "உலக அளவில் பதினேழாம் இடம்" என்று போட்டுவிட்டால் தோல்வி எங்கே இருக்கிறது? இரண்டு ஊரும் ஒத்துக்கொண்ட ஒரே இடம் வன்னியம்பட்டி விலக்கு. ரோட்டோரம் மேடை போட்டார்கள். ஹெப்சிபாவை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடைகளைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். அவள் சைக்கிள் மேடைக்குக் கீழே, ரிப்பன் கட்டிக் காட்சிக்கு நின்றது. முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"என் சக்கரத்தப் பத்திச் சில பேரு பொய்ப் பிரச்சாரம் பண்ணிட்டு அலையுதானுக. இப்ப உங்க கண்ணு முன்னால நானே ஓட்டிக் காட்டுதேன்."

அதற்குள் குருசாமி சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்தக் கொடிச் சக்கரத்தை மாட்டியிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டான். ஹெப்சிபா பொன்னாடைகளுக்குள்ளிருந்து எழுந்தாள்.

"ஐயா, வேண்டாம். அதுல பிரேக் கெடையாது. அந்தச் சக்கரம் தாங்காது."

"முதலாளி, வேண்டாம் முதலாளி," என்றான் ஜோயல், அவனுக்கே கேட்காத குரலில்.

முதலாளிக்கு அறுபத்தேழு வயது, ஆள் நல்ல கனம். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு பேர் பிடிக்க ஏறி உட்கார்ந்தார். தள்ளிவிட்டார்கள். கைதட்டலில் உற்சாகம் வந்து நாலு மிதி மிதித்தார். பிறகு எல்லாரையும் போல மிதிப்பதை நிறுத்தி, கையை எடுத்துக் கும்பிடப் பார்த்தார். பெடல் நிற்கவில்லை. அவர் காலைத் தூக்கி எறிந்துவிட்டு அது பாட்டுக்குச் சுற்றியது. எதிரே வேகத்தடை. முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியது, இறங்கும்போது படக்கென்று ஒரு சத்தம். கொடியின் குறுக்கே, ஓட்டையிலிருந்து ஓட்டைக்குக் கிழிந்து சக்கரம் இரண்டாக மடிந்தது. முதலாளி ரோட்டில் கிடந்தார். "அம்மோ, நா செய்யி" என்று வலியில் வீட்டுத் தெலுங்கு வந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

"முன் சக்கரத்துக்கு ஒண்ணும் ஆகல," என்றார் வக்கீல், மேடையிலிருந்து.

ஆம்புலன்ஸ் வந்து முதலாளியை ஏற்றிக்கொண்டு போனது. முதலாளி ஓட்டியது நடந்து போகிற வேகம்தான். எல்லார் மனசிலும் ஒரே எண்ணம் ஓடியது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. ஜோயல் ரோட்டில் குத்தவைத்து, உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு எழுந்து நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தான்.

"எம்பிள்ள அறுபத்தஞ்சுல போவா அண்ணாச்சி," என்றான். "அறுபத்தஞ்சுல போவா."

கையை விடாமல் மேடைக்கு இழுத்துக்கொண்டு போனான். மைக்கில், "எம்பிள்ள உசுரோட நிக்கான்னா இவியதான் காரணம்" என்று சொல்லிவிட்டு அழுதான். தன் மகளுக்கு வந்த பொன்னாடைகளில் ஒன்றை எடுத்து என் தோளில் போர்த்தினான். கூட்டம் கைதட்டியது. என் காலடியில் துப்பியவர் முன்வரிசையில் எழுந்து நின்று தட்டினார். வக்கீல், ஸ்ரீவில்லிபுத்தூர் சார்பாக இன்னொரு பொன்னாடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை என் கையில் திணித்தார்கள்.

ஹெப்சிபா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஜீப்பில் நின்று சிரித்த சிரிப்பு இல்லை அது. அதைத் தாங்க முடியவில்லை.

"ஓட்டை போடும்போது சக்கரத்த ஆடாமப் பிடிச்சிட்டு இருந்தது நான்தான்," என்றேன். "பிளாஸ்டிக் மாதிரிதான், போடுன்னு சொன்னதும் நான்தான். ஒட்டுனதுதான்னு இந்தப் பிள்ளைட்டப் பொய் சொன்னதும், மேல கொடிய ஒட்டி மறைச்சதும் நான்தான். ஆறு நாள் வாயத் தொறக்கல."

பின்னால் நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை போல, இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது. ஜோயல் என் பக்கத்தில் வந்தான். என் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்தான். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தான். நாலாக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, உடைந்த துண்டுகளோடு கீழே இறங்கிப் போனான்.

ஹெப்சிபா அங்கேயே நின்றாள்.

"ஆறு நாளா அண்ணாச்சி?"

"ஆறு நாள் தாயி."

"கொல்லத்துல என்கூட ஓட்டுற பிள்ள ஒருத்தி இருக்கா. இதே மாதிரிச் சக்கரம் அவ வீட்டுல சும்மா கெடக்கு. மறுநாளே சொல்லியிருந்தா பஸ்ஸுல போட்டு விட்டிருப்பா. சாயங்காலத்துக்குள்ள வந்திருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். அந்த நூறில் மூன்று பங்கு விநாடியை அவள் மனசுக்குள் திரும்பவும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்தபடியே.